பார்த்தீனியக் களையால் உண்டாகும் தோல் அரிப்பும் அதற்கான வீட்டுப் பரிகாரங்களும்

வெங்காயப் பாத்தியிற் களை பிடுங்கிய கமக்காரர் ஒருவர் அன்று மாலை நலமாகவே வீடு திரும்புகின்றார். மறுநாளும் அவருக்கு ஒன்றுமில்லை. மூன்றாம் நாட் காலையில் கண்ணிமைகள் தடித்து, கழுத்துச் சிவந்து, முழங்கை மடிப்பில் நீர்கோத்த சிறு கொப்புளங்கள் தோன்றித் தாங்கொணாத் தினவு எடுக்கின்றது. முதல்நாள் உண்ட கத்தரிக்காயோ இறாலோ கரப்பனாகிவிட்டதென வீட்டார் கருதுகின்றனர். சிலர் பூச்சிக்கடி என்பர். இரண்டு நாட்களுக்கு முன் வெறுங்கையாற் பிடுங்கி வரம்பில் எறிந்த செடியை எவரும் நினைப்பதில்லை.

பார்த்தீனியம் எனப்படும் அச்செடி வெப்ப வலய அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. இலங்கையில் 1999 ஆம் ஆண்டில் வவுனியாப் பகுதியில் இனங்காணப்பட்டு, பின்னர் வடபகுதித் தோட்டங்கள், தரிசு நிலங்கள், தெருவோரங்கள் எங்கும் பரவியது. இலை கரட் இலையைப்போலப் பலவாறு பிளவுபட்டிருக்கும். இளமையில் நிலத்தோடு ஒட்டி வட்டமாய் விரிந்து, பின்னர் தண்டு எழுந்து இடுப்பளவும், வளமான நிலத்தில் அதற்கு மேலும் உயரும். சிறிய வெண்பூக்கள் கொத்தாகப் பூக்கும். முளைத்த ஏறத்தாழ 4 தொடக்கம் 6 வாரங்களிற் பூக்கத் தொடங்கும். நன்கு வளர்ந்த ஒரு செடி 15,000க்கு மேற்பட்ட விதைகளைத் தரவல்லது. விளைச்சலுக்கு இக்களை செய்யும் கேடு யாவரும் அறிந்ததே. பிடுங்குபவரின் உடலுக்கு அது செய்யும் கேடே இங்கு எடுத்துக்கொண்ட விடயம்.

நோய் உண்டாகும் விதம்

இச்செடியின் தண்டிலும் இலையிலும் உள்ள நுண்ணிய மயிர்களிலும், பூவிலும், மகரந்தத்திலும் பார்த்தீனின் என்னும் பொருள் உண்டு. காஞ்சோன்றி பட்டால் அக்கணமே சுணைத்து, சில மணி நேரத்தில் அடங்கிவிடும். அது சுணை குத்துவதால் வருவது. பார்த்தீனியம் அவ்வாறன்று. அதன் பொருளை உடல் பகையென அறிந்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை அது தோலிற் பட்டதும் எதிர்த்து எழுவதனாலேயே அரிப்பு உண்டாகின்றது. ஆகவே 1 தொடக்கம் 3 நாட்கள் சென்ற பின்னரே அது வெளிப்படும்.

“பத்துப் போகமாக வெறுங்கையாற் பிடுங்குகின்றேன், எனக்கு ஒன்றும் செய்யவில்லை” என்று கூறுவோர் பலர். அவர்கள் கூறுவது உண்மையே. ஆயினும் அது பாதுகாப்புக்கு அத்தாட்சியாகாது. உடல் பகையை அறிந்துகொள்ளச் சிலருக்குச் சில வாரங்களும் சிலருக்குப் பல ஆண்டுகளும் செல்லும். ஒருமுறை அறிந்துகொண்டபின் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீங்காது. அதன்பின் செடியைத் தொடவும் வேண்டியதில்லை. காய்ந்த செடியின் தூசு காற்றில் வந்து படிந்தாலே போதும். இந்நிலையை அடைந்தவர் தமது தோட்டத்திலேயே இறங்க முடியாதவராதல் கூடும். கூலிக்குக் களை எடுத்துப் பிழைக்கும் பெண்களுக்கு இது எத்துணை இழப்பென்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மாம்பால் பட்டு உதடு புண்ணாதலும், மரமுந்திரிகைக் கொட்டையின் ஓட்டெண்ணெய் பட்டுக் கை கொப்பளித்தலும் நம்மவர் அறிந்தவை. அமெரிக்க நாட்டவர் பெரிதும் அஞ்சும் ‘பொய்சன் ஐவி’ என்னும் நச்சுச்செடி, மாவும் மரமுந்திரிகையும் சேர்ந்த அதே குடும்பத்தது. பார்த்தீனியம் வேறு குடும்பமாயினும், இவற்றால் வரும் தோல் அழற்சியும் பார்த்தீனியத்தால் வருவதும் ஒரே வகையினவே. எனவே கீழே கூறப்படும் பரிகாரங்கள் இவற்றுக்கும் பொருந்தும்.

உடன் செய்ய வேண்டியது

செடி பட்டதை அறிந்தவுடன் கிணற்றடிக்குச் சென்று குளிர்ந்த நீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவுதல் வேண்டும். வேலை முடியட்டும் என்று காத்திருத்தல் தவறு. தும்பு கொண்டு தேய்த்தலாகாது; தேய்த்தால் தோல் உரிந்து நச்சுப்பொருள் உட்செல்ல வழியாகும். சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீரிற் சவர்க்காரம் எளிதில் நுரைக்காது, தோலிலும் ஒட்டி நிற்கும். ஆகவே வழுவழுப்பு முற்றாக நீங்கும்வரை அலம்புதல் அவசியம். நகக்கண்களைக் கழுவ மறத்தலாகாது.

பலரும் கவனியாத பொருளொன்று தோளிற் கிடக்கும் துவாய். களை பிடுங்கிய கையை அதிலே துடைத்து, அதனாலேயே முகத்து வியர்வையையும் துடைப்பதால் நச்சுப்பொருள் நேரே கண்ணிமைக்குச் செல்கின்றது. இமையின் தோல் மிக மெல்லியது. அதனாலேயே அங்கு வீக்கம் மிகுதியாகக் காணப்படும். வேலைக்குக் கட்டிய சாரம், சேட்டு, துவாய் ஆகியவற்றை வீட்டினுள் கொண்டுசெல்லாது வெளியிலேயே களைந்து, மற்றைய உடுப்புகளோடு சேர்க்காமற் தோய்த்தல் வேண்டும். தோட்டத்துக்கே செல்லாத இல்லத்தரசிக்கு இந்நோய் வருவதற்கு இவ்வுடுப்புகள் காரணமாதல் உண்டு. மண்வெட்டிப் பிடியையும் கழுவுக.

கொப்புளத்திலிருந்து வடியும் நீரினால் நோய் பரவும் என்னும் எண்ணம் தவறானது. அந்நீரில் நச்சுப்பொருள் இல்லை. இது தொற்றுநோயன்று, பிள்ளையை மடியில் வைத்திருக்கத் தடையில்லை. புதிய இடங்களில் நாளுக்குநாள் தோன்றுவது, சில இடங்களில் தோல் தாமதமாக எதிர்ப்பதனாலோ, கழுவாத உடுப்பிலிருந்து மீண்டும் படுவதனாலோ ஆகும்.

வீட்டிற் செய்யத் தக்கவை

குளிர்ந்த ஈரத்துணியே முதன்மையான பரிகாரம். செலவில்லாதது என்பதனாலேயே பலர் அதனை மதிப்பதில்லை. தோய்த்துலர்த்திய பழைய பருத்தி வேட்டித் துண்டைக் கொதித்தாறிய நீரில் நனைத்துப் பிழிந்து, சிவந்த இடத்தில் 15 தொடக்கம் 20 நிமிடம் வைத்தல் வேண்டும். துணி சூடேறினால் மீண்டும் நனைக்கலாம். நாளுக்கு 3 அல்லது 4 முறை இவ்வாறு செய்தால் எரிவும் தினவும் தணிவதோடு, நீர்வடியும் கொப்புளங்களும் விரைவில் வற்றும். இரவிற் படுக்குமுன் ஒருமுறை செய்தல் நித்திரைக்கு உதவும்.

சோறு வடித்த கஞ்சியும் நன்று. உப்பிடாததாயும், அன்று வடித்ததாயும், முற்றாக ஆறியதாயும் அது இருத்தல் வேண்டும். அதனை நீரோடு கலந்து தோலில் மெல்லப் பூசிச் சிறிது நேரத்தின்பின் கழுவிவிடலாம். அதிலுள்ள மாப்பொருள் தோலுக்கு இதமளிக்கும். புளித்த பழங்கஞ்சி ஆகாது. புண் உடைந்து சீழ் கொண்டிருப்பின் கஞ்சியைத் தவிர்க்க.

கற்றாழையை உபயோகிப்போர், வெட்டியவுடன் வடியும் மஞ்சட் பாலை முற்றாகக் கழுவி, உள்ளிருக்கும் தெளிந்த சோற்றை மட்டும் எடுத்தல் வேண்டும். மஞ்சட் பால் தானே எரிவை உண்டாக்கும். முதலில் நோயில்லாத ஓரிடத்திற் சிறிது தடவி ஒருநாள் பார்த்தல் நன்று. மருந்துக் கடையிற் கிடைக்கும் கலமைன் திரவத்தையும் பூசலாம், கண்ணருகில் ஆகாது. நீர்வடிதல் நின்று தோல் காய்ந்து பொருக்கெழும்போதுதான் தேங்காய் எண்ணெய்க்கு வேளை வருகின்றது. நீர்வடியும் புண்ணில் எண்ணெய் பூசினால் அழுக்கும் தூசும் ஒட்டும்.

நகங்களை ஒட்ட வெட்டிவிடுக. நித்திரையிற் தம்மையறியாது சொறிவோர் கையிற் துணி சுற்றிக்கொள்ளலாம். தினவுக்கென விற்கப்படும் குளிசைகளிற் சில கடும் நித்திரையைத் தருபவை. அவற்றை விழுங்கிவிட்டு உழவு இயந்திரம் ஓட்டுதல் ஆபத்தானது.

செய்யத் தகாதவை

சுடுநீர் ஊற்றினால் அக்கணம் சுகமாயிருக்கும். பின்னர் தினவு இருமடங்காகும். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், அரைத்த உள்ளி ஆகியவை தோலை வேகச் செய்பவை. தேசிக்காய்ச் சாறு பூசி வெயிலில் நின்றால், நோயில்லாத தோலும் வெந்து கறுக்கும். பயிருக்கு அடிக்கும் எந்த மருந்தையும் உடலிற் தடவுதல் கொலைக்கு ஒப்பாகும்.

இலைச் சாறுகளைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. வெட்டுக்காயத்துக்கு மூக்குத்திப்பூண்டைக் கசக்கிப் பிழிதலும், தோல் நோய்க்குக் கையாந்தகரையை அரைத்துப் பூசுதலும் கிராமங்களில் நெடுங்கால வழக்கம். இவ்விரண்டும் செவ்வந்தி, சூரியகாந்தி ஆகியவற்றைப்போலவே பார்த்தீனியத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை. பார்த்தீனியத்தால் நோயுற்றவர் சிலருக்குச் செவ்வந்தியும் சூரியகாந்தியும் பட்டாலே அரிப்பு உண்டாகின்றது. அவ்வாறிருக்க, அக்குடும்பத்து இலையை அரைத்துச் சிவந்த தோலிற் பூசுதல் எரியும் நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகவே முடியலாம். மற்றையோருக்கு இவை எவ்வளவு பயன் தருவனவாயினும், இந்நோய்க்கு வேண்டா.

வெண்மை தருமென விற்கப்படும் களிம்புகளையும், அயலவர் வேறு நோய்க்கு வாங்கிய களிம்புகளையும் தாமாகப் பூசுதல் தவறு. கடுமையான களிம்பை நெடுநாட் பூசினால் தோல் மெலிந்துவிடும்.

வைத்தியரிடம் செல்ல வேண்டிய வேளை

மூச்சுத் திணறலோ, நாக்கு அல்லது தொண்டை வீக்கமோ ஏற்படின் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க. முகம் வீங்கிக் கண் திறக்க முடியாதபோதும், சீழும் காய்ச்சலும் கண்டபோதும், உடலின் பெரும்பகுதியில் நோய் பரவியபோதும் வீட்டுப் பரிகாரத்தை நம்பியிருத்தலாகாது. இரண்டு வாரத்தில் தணியாவிடினும், போகந்தோறும் திரும்பி வந்தாலும் தோல் நோய் வைத்தியரைக் காணுதல் வேண்டும். செல்லும்போது, பிடுங்கிய களை எது, அண்மையில் அடித்த மருந்து எது என்பவற்றைக் கூறுக. மருந்தின் போத்தலைக் கொண்டுசென்று காட்டுதல் இன்னும் நன்று. மருந்தினாலும் இத்தகைய அரிப்பு வருவதுண்டு.

மீண்டும் தோட்டத்தில் இறங்குமுன்

நோயுற்றவர் பார்த்தீனியம் பிடுங்கும் வேலையை வீட்டில் மற்றொருவரிடம் விடுதல் வேண்டும். பிடுங்குபவர் இறப்பர்க் கையுறையும், நீண்ட கையுள்ள சேட்டும், முகத்துக்குத் துணியும் அணிதல் அவசியம். கையுறை இல்லையேல் தடித்த பொலித்தீன் பையைக் கையிற் கட்டிக்கொள்ளலாம். வெறுங்கையை விட அது மேல். மழை பெய்து நிலம் ஈரமாயிருக்கும்போது, பூக்குமுன், வேரோடு பிடுங்குக. புல்வெட்டும் இயந்திரத்தால் அடித்தால் வேலை விரைவில் முடியும். ஆனால் துணுக்குகள் சிதறி, ஓட்டுபவரின் மேலெல்லாம் படியும், வேர் நிலத்தில் நின்று மீண்டும் துளிர்க்கும். பூக்காத செடிகளைக் கூட்டெருவுக்கு இடலாம். பூத்தவற்றைக் குழியிலிட்டு ஆழமாக மூடிவிடுக. அவற்றை வரம்பிற் காயவிடுதல் ஆகாது. விதை நிலத்தில் உதிர்வதோடு, காய்ந்த துணுக்குகள் சோளகக் காற்றில் அயல்வீட்டு முற்றம்வரை செல்லும்.