தீவுக்குச் செல்லும் குடும்பம் கவனிக்க வேண்டியவை

விடுமுறை மாதம் நெருங்கினால் நம் வீடுகளில் ஒரு பேச்சு எழுகிறது. வளைகுடாவிலிருந்து மகன் வருகிறான். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அடைப்பு. எல்லோருமாக ஏதாவதொரு தீவில், கடற்கரையோரம் நாலு நாள் தங்கி வரலாமே என்று. இது தவறான ஆசையன்று. குடும்பத்தாரை மகிழ்விப்பதும் நன்மையில் சேர்ந்ததுதான். ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் இளையவர்கள். படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். படத்தில் நீலக் கடல் இருக்கும். படகில் ஏறும் ஏணி இராது.

நாம் இதைச் சொல்லக் காரணம் உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன் நம் குடும்பத்தில் பதினோரு பேர் ஒரு தீவுக்குச் சென்றோம். ஏற்பாடு செய்தவர் கடலையொட்டிய அறை என்றார். ஒட்டித்தான் இருந்தது, ஆனால் இரண்டாம் மாடி, லிப்ட் கிடையாது. உம்மாவுக்கு அப்போது வயது 76. இரண்டு முழங்காலிலும் வலி. வந்த அன்று பேரர்கள் இருவர் தாங்கி மேலே ஏற்றினார்கள். அதன்பின் ஊர் திரும்பும் நாள்வரை உம்மா கீழே இறங்கவேயில்லை. முறை வைத்து அறையில் துணையிருப்பதாக நாங்கள் பேசிக்கொண்டோம். உண்மையில் இருந்தது இளைய மருமகள் மட்டுமே. ஊர் வந்ததும் பக்கத்து வீட்டார், "கடல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்கள். "சத்தம் கேட்டுச்சு" என்றார்கள் உம்மா. அந்தச் சொல் இன்றும் நம்மை உறுத்துகிறது.

இமாமாக நிற்பவர் தமக்குப் பின்னால் நிற்கும் முதியோரையும் பலவீனரையும் கருத்திற்கொண்டு தொழவைக்க வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் ஏவல். குடும்பத்தை அழைத்துச் செல்பவரும் ஒருவகையில் இமாம்தான். ஆகவே தீவைத் தேர்ந்தெடுக்கும்போது முதற்கேள்வி, அங்கே என்ன பார்க்கலாம் என்பதன்று. நம்மில் மிகவும் இயலாதவர் மணல்வரை எப்படிப் போவார் என்பதே.

நம்மவர் அதிகம் பேசும் தீவு மாலத்தீவு. திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 600 கிலோ மீட்டர்தான். கி.பி. 1153 முதல் இஸ்லாமிய நாடு. அதனால் எங்கு தங்கினாலும் ஒன்றுதான் என்று எண்ணிவிடலாகாது. அங்கே இருவகைத் தீவுகள் உண்டு. உல்லாச விடுதிக்கென்றே விடப்பட்ட தீவுகளில் மது விற்கப்படுகிறது. உடைக்கும் கட்டுப்பாடு இல்லை. அந்நாட்டு மக்கள் வாழும் தீவுகளில் மது விற்பனைக்குத் தடை. பள்ளிவாசல் நடக்கும் தூரத்தில் இருக்கும், உணவைப் பற்றிச் சந்தேகமில்லை. வெளிநாட்டார் குறைந்த உடையில் குளிப்பதற்கு அங்கே தனிக் கரை ஒதுக்கியிருப்பார்கள். அந்தப் பக்கத்தைத் தவிர்த்துக்கொள்ளலாம். இத்தகைய தீவுகளில் குடும்பங்கள் தங்கும் சிறு விடுதிகள் கடந்த பதினைந்து ஆண்டுகளாகப் பெருகியுள்ளன. வாடகையும் குறைவு.

ஆயினும் பெரும்பாலான தீவுகளுக்கு விமான நிலையத்திலிருந்து விரைவுப் படகில்தான் போகவேண்டும். அலை எழும் நாளில் அந்தப் படகு தூக்கித் தூக்கிப் போடும். முதுகுவலிக்காரர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது உகந்ததல்ல. இதற்கு ஒரு மாற்று உண்டு. ஹுல்ஹுமாலே என்பது கடலைத் தூர்த்து உருவாக்கிய தீவு. விமான நிலையத்திலிருந்து சாலை வழியாகவே காரில் போய்விடலாம். 2018-இல் திறக்கப்பட்ட பாலத்தால் தலைநகர் மாலேயும் இதனோடு இணைந்துவிட்டது. கிழக்குக் கரை நெடுக மணல். மருத்துவமனையும் உண்டு. படத்தில் வரும் தீவுகளைப்போல் அத்தனை அழகில்லை என்று இளைஞர்கள் முகம் சுளிப்பார்கள். ஒருநாள் காலை அவர்கள் மட்டும் படகேறி வேறொரு தீவைப் பார்த்து வரட்டுமே!

லட்சத்தீவும் நல்ல இடமே. மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்கு மேல் முஸ்லிம்கள். மற்ற இந்தியர் அங்கே செல்ல முன்கூட்டியே அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும். கொச்சியிலிருந்து கப்பலில் போனால், பல தீவுகளில் கப்பல் கரைக்கு வராது. நடுக்கடலில் ஆடும் சிறு படகுக்கு இறங்க வேண்டியிருக்கும். முழங்கால் வலிக்காரரை அங்கே கற்பனை செய்து பாருங்கள். மலேசியாவின் லங்காவியில் இத்தொல்லை இல்லை. தீவிலேயே விமான நிலையம் இருக்கிறது. முஸ்லிம் ஊர்தான் என்றாலும், 1987 முதல் வரியில்லாத் தீவாகையால் கடைகளில் மது மலிவாக அடுக்கியிருப்பதைக் கண்டு அதிர்ச்சியடைய வேண்டாம். பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் வளர்த்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், நம் நாவுக்கு ஏற்ற சோறும், நம் மொழியும் கிடைக்கும். கடல் மட்டும் அவ்வளவு தெளிவாயிராது. அந்தமானுக்கு விசா வேண்டாம், தமிழும் பேசலாம். சில கரைகளில் முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும்; அதை மதியுங்கள். எங்கு சென்றாலும் பருவம் பாருங்கள். நம் மேற்குக் கடலில் ஜூன் முதல் செப்டம்பர் வரை அலை கடுமை.

இனித் தொழுகை. இவையனைத்தும் நம் ஊரிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோ மீட்டர் தூரமாகையால் எந்த மத்ஹபின்படியும் நாம் முஸாபிர்கள்தாம். நாள் கணக்கில்தான் பலர் தவறுகிறார்கள். ஷாபிஈ மத்ஹபில், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக ஓரிடத்தில் நான்கு முழு நாட்கள் தங்க நிய்யத் வைத்தால், அங்கே போய்ச் சேர்ந்ததுமே கஸ்ர் இல்லை. நான்கு ரக்அத்தும் தொழவேண்டும். வியாழன் வந்து திங்கள் புறப்பட்டால் இடையில் மூன்றே நாள், கஸ்ர் செய்யலாம். புதன் வந்து அடுத்த செவ்வாய் புறப்பட்டால் ஐந்து நாள். முழுமையாகத் தொழவேண்டும், ஜும்ஆவும் கடமையாகும். ஹனபி மத்ஹபில் பதினைந்து நாட்களுக்குக் குறைவாகத் தங்குபவர் கஸ்ர் செய்தே ஆகவேண்டும். ஆனால் லுஹரையும் அஸரையும் ஒரே நேரத்தில் சேர்த்துத் தொழ அவருக்கு அனுமதியில்லை. ஷாபிஈகளுக்கு உண்டு. ஒரே வீட்டில் மாமியார் ஷாபிஈ, மருமகள் ஹனபி என்றிருந்தால் புறப்படுமுன்பே இதைப் பேசிக்கொள்வது நல்லது. அங்கே போய் வாதாடவேண்டாம். ஊர் இமாமுக்குப் பின்னால் தொழும்போது இருவரும் நான்குதான் தொழவேண்டும். சாப்பாட்டிலும் அப்படியே: கணவாயும் நண்டும் ஹனபிகளுக்கு ஆகாது. சமையல்காரரிடம் அவர்களுக்கு மீன் என்று தனியே சொல்லிவையுங்கள்.

கிப்லாவைச் சூரியன் மறையும் திசை என்று குத்துமதிப்பாக வைத்துக்கொள்ளாதீர்கள். மாலேயில் அது மேற்கிலிருந்து சுமார் 30 பாகை வடக்கே இருக்கிறது. அங்கே 1658-இல் பவளக் கல்லால் கட்டப்பட்ட பழைய ஜும்ஆப் பள்ளி நேர் மேற்கைப் பார்த்திருக்கிறது. ஆகவே தொழுபவர்கள் கட்டடத்தின் மூலையை நோக்கித்தான் நிற்கிறார்கள். பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள்.

குளிக்கும் விஷயத்தில் பெண்களுக்கு உபதேசம் நிறையக் கிடைக்கிறது. கனமான துணி, சுப்ஹுக்குப் பிந்திய ஆள் நடமாட்டமில்லாத நேரம், எல்லாம் சரிதான். அதே கரையில் தொடை தெரியும் கால்சட்டையோடு நின்று உபதேசிக்கும் வாப்பாமாரையும் நாம் பார்த்திருக்கிறோம். தொப்புள் முதல் முழங்கால்வரை மறைப்பது அவர்களுக்கும் உள்ள சட்டம். குழந்தைகள் தண்ணீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் கைப்பேசியை வைத்துவிட்டு அவர்களையே பார்த்திருக்க வேண்டும். தொழுகைக்குப் போகையில் ஆள் மாற்றிக்கொள்ளுங்கள்.

இவ்வாண்டு நம் மூத்த பேரன் ஹுல்ஹுமாலேயில் ஒரு விடுதிக்குத் தொலைபேசியில் பேசினான். அறை தரைத்தளமா, குளியலறையில் நாற்காலி போட இடமுண்டா, வாசலிலிருந்து மணல்வரை எத்தனை படி என்று கேட்டான். கடைசிக் கேள்விக்கு அவர்கள் எழுந்துபோய் எண்ணிவிட்டு வந்து, மூன்று என்றார்கள். உம்மா பக்கத்தில் தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மூணுன்னா ஏறிடுவேன் வாப்பா. கைப்பிடி இருக்கான்னு கேளு."