பழைய காரில் வேகமானி நின்றுபோனால்

அப்பாவின் 1995ஆம் ஆண்டு ஜப்பானியக் காரில், சென்ற செமஸ்டர் விடுமுறையின்போது வேகமானி முள் சுழியத்திலேயே படுத்துக்கொண்டது. குரூஸ் கண்ட்ரோலும் வேலை செய்யவில்லை. மீட்டர் பெட்டியையே மாற்ற வேண்டும் என்றார் போமன். 110 கிலோமீட்டர் வேக வரம்புள்ள நெடுஞ்சாலையில், பக்கத்தில் போகும் வண்டிகளைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஓட்டினார் அப்பா.

எதையும் மாற்றுமுன், எவையெல்லாம் சேர்ந்து நின்றன என்று பார்க்க வேண்டும். அக்காலக் கார்கள் பலவற்றில் கியர் பெட்டியிலுள்ள சிறு பற்சக்கரம் ஒரு கேபிளின் உட்கம்பியைச் சுழற்றும். ஜப்பானிய அளவுப்படி கிலோமீட்டருக்கு 637 சுற்று. மீட்டருக்குள் அது ஒரு காந்தத்தைச் சுழற்ற, காந்தத்தின் இழுப்பில் அலுமினியக் கிண்ணம் திரும்பி முள்ளை நகர்த்துகிறது. அதே சுழற்சியில், அங்குள்ள காந்தச் சுவிட்சு சுற்றுக்கு 4 மின்துடிப்புகளை அனுப்பும். குரூஸ் கண்ட்ரோல் வேகத்தை அறிவது இதை வைத்துத்தான். (தமிழ்ப்பள்ளிக்குப் பிறகு இயற்பியலை மலாயில் படித்தவன் நான். ‘துடிப்பு’ அகராதியில் தேடி எடுத்த சொல்.)

முள் மட்டும் நின்று, தூரம் காட்டும் எண்கள் ஓடினால் பழுது மீட்டரில். இரண்டும் நின்றால் பெரும்பாலும் கேபிளிலோ பற்சக்கரத்திலோ. முள் துள்ளினால் கேபிள் காய்ந்தோ மடங்கியோ இருக்கலாம். எங்கள் காரில் எண்களும் நின்றிருந்தன. மீட்டருக்குப் பின்னால் கேபிளைக் கழற்றி உட்கம்பியை இழுத்தேன். பாதிதான் கையோடு வந்தது!

புதுக் கேபிள் போட்டதும் முள் எழுந்தது. குரூஸ் கண்ட்ரோல் மட்டும் அசையவில்லை. ஏறத்தாழ 40க்குக் கீழே அது பிடிக்காது என்பதால் 80இல் முயன்றேன். பயனில்லை. மீட்டரைக் கழற்றி, அதன் தண்டைக் கையால் சுழற்றி, காந்தச் சுவிட்சை மல்ட்டிமீட்டரில் சோதித்தேன். சுற்றுக்கு நான்கு முறை ஒழுங்காக இணைந்து பிரிந்தது. அன்றிரவு மோட்டாரில் எனக்குப் பின்னால் வந்த தம்பி கேட்டான்: “ஏண்ணே, வழி முழுக்க பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்த?”

பிரேக் மிதியிலிருந்த சிறு ரப்பர் பொத்தான் பொடிந்து உதிர்ந்திருந்தது. மிதி மேலே வந்தாலும் சுவிட்சு அழுந்தவில்லை. விளக்கு அணையவில்லை. கால் இன்னும் பிரேக்கில்தான் இருக்கிறது என்று குரூஸ் கண்ட்ரோல் எடுத்துக்கொண்டது. அந்த வாரம் இருமுறை காலையில் பேட்டரி இறங்கிக் கிடந்ததற்கும் இதுவே காரணம். பேட்டரி பழசு என்றார் போமன், நானும் நம்பினேன். முள்ளைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். அப்பா உண்மையாகவே பிரேக் பிடித்தபோது பின்னால் வந்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

பொத்தானுக்குச் சில வெள்ளிதான் ஆனது. உங்கள் வீட்டுக் கார் பழையது என்றால், இரவில் அதன் பின்புறத்தைச் சுவரோரம் நிறுத்தி, பிரேக்கை மிதித்து விட்டுப் பாருங்கள். சுவரில் சிவப்பு கூடிக் குறைய வேண்டும்.