கார் பார்க்கும் கண்

கார்ப்பித்துக் கொண்டவர்களிடம் கருத்துக்குப் பஞ்சம் இல்லை. "அம்பாசிடர்போல் உறுதி உண்டா?" என்பார் ஒருவர். "மாருதி 800 போல் சிக்கனம் உண்டா?" என்பார் மற்றொருவர். யானும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவனே. ஆயினும் கருத்து வேறு, சோதனை வேறு. இதனை எனக்கு உணர்த்தியது ஐ.என்.ஏ. மார்க்கெட்.

முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கத் தில்லித் தமிழர் கூடும் அந்த அங்காடிக்கு ஒரு ஞாயிறன்று சென்றேன். உடன் வந்த தம்பி ஓர் ஆராய்ச்சி மாணவர். சிகிச்சைக்காக ஊரிலிருந்து வரும் தம் தாயாரை எய்ம்ஸ் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப் பழைய கார் ஒன்று வாங்க விரும்பினார். விற்பவர் வண்டியை அங்கேயே கொண்டுவந்திருந்தார். "அண்ணா, நீங்கள் சரி என்றால் இன்றே முன்பணம் கொடுத்துவிடுகிறேன்" என்றார் தம்பி. உதவித்தொகையில் ஈராண்டு மிச்சம் பிடித்த பணம் அது.

டீசல் வண்டி. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் இனிமையாக முழங்கியது. "நல்ல வண்டி" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகே என் பிழை எனக்குப் புரிந்தது. ஓட்டிவந்த எஞ்சின் சூடாக இருந்தது. சூடேறிய எஞ்சின் தன் நோயை மறைக்கும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிப் பார்ப்பதே சோதனை. நாணத்தோடு முறைப்படி தொடங்கினேன்.

முதலாவது, புகை. நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். ஓயாத வெண்புகை, குளிர்விக்கும் நீர் உள்ளே கசிவதைக் காட்டலாம். இங்கே இரண்டும் இல்லை.

இரண்டாவது, டயர். அதன் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்கள் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் கூறும். 1523 எனில் 2023-இன் பதினைந்தாம் வாரம். இவ்வண்டியின் முன்டயர் ஒன்று உட்புறம் மட்டும் தேய்ந்திருந்தது. சக்கரத்தின் சீர்மை குலைந்ததற்கு அஃது அடையாளம்.

மூன்றாவது, பதிவுச் சான்று. முதலில் பார்த்திருக்க வேண்டியதை இறுதியில் பார்த்தேன். வண்டிக்கு வயது ஒன்பதைக் கடந்திருந்தது. பத்தாண்டு கடந்த டீசல் வண்டியும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டியும் தலைநகர் வட்டாரத்தில் ஓடலாகாது என்ற ஆணையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025-இல் அதன் கடுமை சற்றுத் தளர்த்தப்பட்டது. எனினும் தளர்ந்த கயிறு மீண்டும் இறுகலாம். ஏழை மாணவன் தன் சேமிப்பை அதில் கட்டலாமா?

"தகடு நல்ல கனம், சார்" என்றார் விற்பவர். கனம் வேறு, காப்பு வேறு. மோதலின் வேகத்தை முன்பகுதி நசுங்கி ஏற்க, ஆள் அமரும் அறை குலையாது நிற்பதே காப்பு. 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள 'பாரத் என்கேப்' சோதனை, காரை மோதவிட்டே நட்சத்திரம் வழங்குகிறது. தட்டிப் பார்த்து அன்று.

"தம்பி, நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். வேண்டாம்" என்றேன். அவர் முகம் வாடியது. "அம்மாவை எப்படி அண்ணா அழைத்துப் போவது?" என்றார்.

எதிரே மெட்ரோ நிலையம் தெரிந்தது. அங்கிருந்து அடுத்த நிலையமே எய்ம்ஸ். அம்மா தங்க இப்பக்கத்தில் ஓர் அறை தேடுவோம் என்றேன். நடக்க இயலாத நாளுக்கு வாடகைக் கார் இருக்கிறது.

நண்பர்களே! காரை விரும்புவது குற்றம் அன்று. பிறர் பணத்துக்குத் தீர்ப்புக் கூறும்போது விருப்பத்தைச் சற்று விலக்கி வையுங்கள். எஞ்சினின் ஓசையைக் கேட்கும் முன் சான்றின் தேதியைப் படியுங்கள். அதற்கும் முன், வாங்குபவரின் தேவையைக் கேளுங்கள்.