ஸ்டீம் டெக்: பட்டன்களை உங்கள் கைக்கு ஏற்றபடி அமைப்பது எப்படி?

ஸ்டீம் டெக்கின் முதுகில் நான்கு பட்டன்கள் இருக்கின்றன. இடது கை விரல்களுக்கு எல்4, எல்5. வலது கை விரல்களுக்கு ஆர்4, ஆர்5. வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் இந்தக் கருவியை வெளியிட்டபோதே அவை இருந்தன. ஆனால் பெரும்பாலான கேம்களில், நாமாக வேலை கொடுக்கும்வரை அவற்றை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. அந்த வேலையை எப்படிக் கொடுப்பது என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம். அதற்கு முன் முகப்பைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

வலது மேல் ஓரத்தில் ஏ, பி, எக்ஸ், ஒய் என்ற நான்கு எழுத்துகள். ஏ கீழே, பி வலப்பக்கம், எக்ஸ் இடப்பக்கம், ஒய் மேலே. 2001-இல் வந்த எக்ஸ்பாக்ஸின் வரிசை இது. நின்டென்டோவோ 1990-இல் ஜப்பானில் வந்த சூப்பர் ஃபாமிகாமிலிருந்தே ஏ-வை வலப்பக்கம் வைத்துப் பழகிவிட்டது. ஆகவே அதன் ஸ்விட்ச் கருவியில் விளையாடிப் பழகியவர்கள் டெக்கில் ‘சரி’ என்று அழுத்தப் போய் ‘வேண்டாம்’ என்று அழுத்திவிடுவார்கள். செட்டிங்ஸில் ஏ-வையும் பி-யையும் இடம் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாற்றிய பிறகு திரை ஏ-வை அழுத்தச் சொல்லும்போது, நீங்கள் அழுத்த வேண்டியது பி என்று அச்சிட்ட பட்டனை. இரண்டு கருவிகளையும் தினமும் மாறி மாறி எடுப்பவர்கள் மட்டும் இதைச் செய்யுங்கள். மற்றவர்கள் கட்டைவிரலைப் பழக்கிக்கொள்வதே நல்லது. சில நாளில் பழகிவிடும்.

இனி பின்பக்கம். கேமைத் திறந்து, இடது டச்பேடுக்குக் கீழே உள்ள ஸ்டீம் பட்டனை அழுத்தி, கன்ட்ரோலர் செட்டிங்ஸுக்குப் போங்கள். இப்போதுள்ள லேஅவுட்டின் பெயர் தெரியும். அதை எடிட் செய்யும் பக்கத்தில் ஒவ்வொரு பட்டனுக்கும் எதிரே அதன் வேலை இருக்கும். அதைத் தொட்டு வேறு வேலையைத் தேர்ந்தெடுக்கலாம்.

எதைக் கொடுப்பது? உங்கள் வலது கட்டைவிரலைக் கவனியுங்கள். ஜாய்ஸ்டிக்கில் இருந்துகொண்டு கேமராவைத் திருப்புவதும் அதுதான், குதிக்க ஏ-வுக்குத் தாவுவதும் அதுதான். தாவிய நொடியில் கேமரா அநாதையாக நின்றுவிடுகிறது. எதிரி பக்கவாட்டில் வந்தால் தெரியாது. எனவே கேமராவைத் திருப்பிக்கொண்டே செய்ய வேண்டியவை எவையோ அவைதான் பின்பக்கத்துக்குப் போக வேண்டும். குதிப்பதை ஆர்4-க்கும், உருண்டு தப்புவதை ஆர்5-க்கும் கொடுங்கள். ஓடுவதற்கு இடது ஜாய்ஸ்டிக்கை உள்ளே அமுக்கச் சொல்லும் கேம்கள் நிறைய. அதை எல்4-க்கு மாற்றினால் கட்டைவிரலுக்கும் ஓய்வு, ஜாய்ஸ்டிக்குக்கும் நல்லது. எல்5-ஐ முதலில் காலியாக விடுங்கள். கருவியை இறுக்கிப் பிடிக்கும்போது கீழ் விரல்கள் தெரியாமல் அமுக்கிவிடும். கையெறி குண்டு, பழைய சேவுக்குத் திரும்புவது போன்றவற்றை அங்கே வைக்கவே வேண்டாம்.

ஒரு நுணுக்கம் உண்டு. இதைத் தவறவிட்டால் திரையில் குழப்பம்தான். ஆர்4-க்குக் குதிக்கும் வேலையைக் கொடுக்கும்போது கீபோர்டின் ஸ்பேஸ் பாரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கேம்பேட் பகுதிக்குப் போய் ஏ-வைத் தேர்ந்தெடுங்கள். பல கேம்கள் கடைசியாக வந்த உள்ளீடு எது என்று பார்த்துத்தான் திரையில் காட்டும் பட்டன் குறிகளை முடிவுசெய்கின்றன. ஸ்பேஸ் பார் வந்தால் ஏ, பி எல்லாம் மறைந்து கீபோர்டு எழுத்துகள் ஒரு கணம் மின்னும். ஜாய்ஸ்டிக்கை அசைத்ததும் திரும்பும். சண்டை நடுவில் கண்ணை உறுத்தும். சில கேம்களில் அந்த மாற்றத்தில் அசைவே தடைப்படும்.

சரி, கீபோர்டையே நம்பியிருக்கும் வியூக விளையாட்டுகளுக்கு? அங்கே பட்டன்கள் எப்படியும் போதாது. இடது டச்பேடில் ஒரு வட்ட மெனு அமைத்து, விரல் வைத்ததும் திரையில் விரியும்படி செய்யலாம். வேலைகளை ஒவ்வொரு பகுதியாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் பெயரும் படமும் கொடுங்கள். பெயர் கொடுக்காவிட்டால் மெனுவில் ‘எஃப்5’ என்றுதான் தெரியும். இரண்டு வாரம் கழித்துத் திறக்கும்போது அது என்ன வேலை என்று உங்களுக்கே நினைவிருக்காது. ‘சேமி’, ‘அடுத்த முறை’, ‘வரைபடம்’ என்று சுருக்கமாக எழுதுங்கள். எட்டுக்கு மேல் சேர்த்தால் விரல் பக்கத்துப் பகுதிக்கு வழுக்கும்.

முடித்ததும் பெரிய சண்டைக்குள் குதிக்காமல் ஆபத்தில்லாத இடத்தில் நின்று, கேமராவைச் சுழற்றிக்கொண்டே குதித்துப் பாருங்கள். விரல் எட்டவில்லை என்றால் ஆர்4, ஆர்5 இரண்டையும் மாற்றிப் போடுங்கள். கையின் அளவு ஆளுக்கு ஆள் வேறு. பிடித்துவிட்டால் லேஅவுட்டைப் புதுப் பெயரில் எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். அடுத்த கேமிலும் குதிப்பது ஆர்4-இலேயே இருக்கட்டும். கேமுக்குக் கேம் மாற்றினால் விரல் எதையுமே கற்றுக்கொள்ளாது.