காப்பர் டி நெஞ்சுக்கு ஏறுமா?

"காப்பர் டி போட்டா அது மேல ஏறி நெஞ்சுக்குப் போயிடுமாமே, டாக்டர்?" மகப்பேறு மருத்துவராக நான் மிக அதிகம் கேட்கும் கேள்வி இது. படிக்காதவர்கள்தான் கேட்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பேராசிரியை கேட்கிறார், ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெண்ணும் கேட்கிறார். யாருக்கு அப்படி ஆனது என்று திருப்பிக் கேட்டால், நாத்தனாரின் தோழிக்கு, பக்கத்துத் தெரு அக்காவுக்கு என்பார்கள். அந்த அக்காவை நேரில் பார்த்தவர் ஒருவரும் கிடையாது.

நெஞ்சுக்குப் போக வழியே இல்லை. கர்ப்பப்பை என்பது தடித்த தசையாலான பை. அதற்கு மூன்றே திறப்புகள். ஒன்று கீழே இருக்கும் கர்ப்பப்பை வாய். மற்ற இரண்டும் மேல் மூலைகளில் கருக்குழாய்கள் தொடங்கும் துளைகள். அவை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலம்கூடத் தேறாது. அரசு மருத்துவமனைகளில் போடும் காப்பர் டி 380ஏ-யின் அகலம் 32 மில்லிமீட்டர், நீளம் 36 மில்லிமீட்டர். இது அந்தத் துளைக்குள் நுழைந்து, வயிற்றைக் கடந்து, வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கும் உதரவிதானத் தசையையும் தாண்டி இதயத்தைத் தொடுமாம்! பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தின் படம் ஒன்றே இதைப் பொய் என்று காட்டிவிடும். எட்டாம் வகுப்பு மகள் இருக்கும் வீட்டிலும் இந்தக் கதை ஓடுவதுதான் எனக்கு ஆற்றாமை.

நடக்கக்கூடியது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்குக் கருவி கர்ப்பப்பைச் சுவரைத் துளைக்கலாம். பெரும்பாலும் அது போடும் நேரத்திலேயே நேர்வது. பிரசவமாகிச் சில மாதங்களே ஆன, பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு இந்த வாய்ப்பு சற்று அதிகம். துளைத்து வெளியேறிய கருவி வயிற்றுக்குள்தான் கிடக்கும். ஸ்கேனிலும் எக்ஸ்ரேயிலும் தெரிந்துவிடும். லேப்ராஸ்கோப்பி மூலம் எடுத்துவிடலாம். பயிற்சி பெற்ற கையால் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்கு இது காரணமே தவிர, போடாமல் இருப்பதற்குக் காரணம் அல்ல.

இதைவிடப் பல மடங்கு அதிகமாக நடப்பது வேறு. கருவி தானாகக் கீழே நழுவி விழுந்துவிடும். முதல் வருடத்தில் நூற்றில் இரண்டிலிருந்து பத்துப் பேருக்கு இப்படி ஆகிறது. பிரசவம் முடிந்த கையோடு போட்டவர்களிடம் இன்னும் கூடுதல். உதிரப்போக்கு அதிகமான நாளில் விழுந்தால் தெரியாமலேயே போகலாம். கருவியிலிருந்து கர்ப்பப்பை வாய் வழியே தொங்கும் நூல் தட்டுப்படவில்லை என்றால் உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும். பெரும்பாலும் நூல் மட்டும் உள்ளே சுருண்டிருக்கும், கருவி இருந்த இடத்தில் இருக்கும். விழுந்திருந்தால் அன்றே வேறு வழி தேட வேண்டும். "மேலே ஏறிவிட்டது" என்று வீட்டில் அழுதுகொண்டிருந்து, மூன்று மாதக் கர்ப்பத்தோடு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் மேல் அல்ல, அந்தக் கதையைச் சொல்லி அனுப்பியவர்கள் மேல்.

இந்த வதந்திக்கு வயது அதிகம். 1965-இல் இந்திய அரசு கர்ப்பப்பையில் வைக்கும் 'லிப்பஸ் லூப்' என்ற கருத்தடைக் கருவியைக் கொண்டுவந்தது. இலக்கு வைத்துப் போட்டார்கள். போட்ட பிறகு உதிரப்போக்கு என்று வந்தவர்களைக் கவனிக்க ஏற்பாடு போதவில்லை. பயம் பரவியது, திட்டம் படுத்தது. இன்றும் என் சக மருத்துவர்கள் சிலர் பிரசவ அறையில் ஒரு வார்த்தை சரியாகச் சொல்லாமல் காப்பர் டி போட்டு அனுப்புகிறார்கள். வலியில் கிடப்பவளிடம் வாங்கும் தலையாட்டல் சம்மதம் ஆகாது. தன் உடம்பில் ஒன்று இருப்பதே ஸ்கேனில்தான் தெரிகிறது என்றால், அவள் எந்தக் கதையைத்தான் நம்பமாட்டாள்?

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். காப்பர் டி கருவைக் கலைப்பதில்லை. தாமிரம் விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்து, கரு உருவாவதையே தடுக்கிறது. எடுத்தபின் குழந்தை உண்டாகாது என்பதும் பொய். புற்றுநோய் வராது. தொற்றுக்கான வாய்ப்பு போட்ட முதல் மூன்று வாரங்களில்தான் சற்று அதிகம். நூல் கணவருக்கு உறுத்தினால் வெட்டிச் சிறிதாக்கலாம்.

தாமிரத்துக்குப் பதில் ஹார்மோன் சுரக்கும் கருவியும் உண்டு. அந்த ஹார்மோன் வகையைப் பற்றிய ஒரு கதையை மட்டும் அப்படி விட முடியாது. "தீட்டு நின்றுபோனால் கெட்ட ரத்தம் உள்ளேயே தேங்கிவிடும்" என்கிறார்கள். கெட்ட ரத்தம் என்று ஒன்று கிடையாது. இந்தக் கருவி நாளுக்கு சுமார் 20 மைக்ரோகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரெல் சுரந்து கர்ப்பப்பையின் உள்படலத்தை மெலிதாக்குகிறது. படலம் வளராதபோது உதிர்வதற்கும் ஒன்றுமில்லை. ஒரு வருடத்தில் ஐந்தில் ஒருவருக்கு மாதவிலக்கு நின்றே போகிறது. அதில் தீங்கு எதுவும் இல்லை. முதல் சில மாதங்கள் துளித்துளியாகக் கசியும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எதைப் போட்டுக்கொள்வது? கரு தரிக்காமல் காப்பதில் இரண்டும் கெட்டி. போட்ட முதல் வருடத்தில் நூறு பேரில் ஒருவருக்குக்கூடத் தவறாது. காப்பர் 380ஏ பத்து வருடம் வரும், ஹார்மோன் கலக்காதது, அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் உதிரப்போக்கை அதிகப்படுத்தும். சிலருக்கு ஒன்றரை மடங்குவரை போகும். ஹார்மோன் வகை அதைப் பெருமளவு குறைக்கும். மாதவிலக்கு அளவோடு இருப்பவருக்குக் காப்பர் போதும். மார்பகப் புற்றுநோய் உள்ளவருக்கு ஹார்மோன் வகை ஆகாது. பேடு நனைந்து நனைந்து மாற்றுகிறவருக்கு ஹார்மோன் வகைதான் என் தேர்வு.

இங்கேதான் என் ஆதங்கம். தேசியக் குடும்ப நல ஆய்வின் (2019–21) கணக்கில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. அவர்களுக்கு ஹார்மோன் வகையைத் தடையின்றிப் போடலாம், காப்பர் என்றால் கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி வரையறை சொல்கிறது. ஆனால் வெளியே வாங்கினால் ஹார்மோன் கருவிக்குப் பல ஆயிரம் ரூபாய். ரத்தம் குறைந்த ஏழைப் பெண்ணுக்கு ரத்தத்தை மேலும் இழக்கவைக்கும் கருவி இலவசம், ரத்தத்தைக் காக்கும் கருவி காசுக்கு. இதை நியாயம் என்று நான் ஏற்கமாட்டேன். இரண்டையும் அரசு இலவசமாகத் தர வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: எந்தக் கருவி போடுவதற்கு முன்பும் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். போட்டபின் எந்த வகை, என்று போட்டது, என்று எடுக்க வேண்டும் என்று எழுதிய அட்டையைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த மாதவிலக்கு முடிந்ததும் ஒருமுறை வந்து காட்டுங்கள்.