பறவை முட்டையின் ஓட்டில் ஒரு பாடம்

 



ஃபாத்திர் சூராவின் 27, 28ஆவது வசனங்களில் அல்லாஹ் கனிகளின் நிறங்களைப் பேசுகிறான். மலைகளில் உள்ள வெள்ளை, சிவப்பு, கறுப்புப் பாதைகளைப் பேசுகிறான். மனிதர்கள், கால்நடைகள், ஊர்ந்து திரியும் உயிர்கள் ஆகியவற்றின் நிறங்களையும் சொல்லிவிட்டு, தன் அடியார்களில் அறிவுடையோரே தன்னை அஞ்சுகிறார்கள் என்று முடிக்கிறான். நிறத்தைப் பற்றிய பேச்சு இறையச்சத்தில் போய் முடிகிறது! ஏன்? இன்று ஒரு பறவை முட்டையை வைத்து அதைப் பார்ப்போம்.

இரண்டே சாயங்கள்

கோழி முட்டை வெள்ளையாகவோ பழுப்பாகவோ இருக்கும். மைனாவின் முட்டை நீலம். காக்கையின் முட்டை நீலப் பச்சையில் பழுப்புப் புள்ளி. இத்தனை நிறங்களுக்கும் அடிப்படை இரண்டே சாயங்கள்தாம். ஒன்று பழுப்பும் செம்மையும் தரும் புரோட்டோபோர்ஃபிரின். மற்றொன்று நீலமும் பச்சையும் தரும் பிலிவெர்டின். இரண்டும் இல்லையென்றால் ஓடு வெள்ளை. ஓட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே பொருள்.

யாருக்கு எது தேவையோ அது

ஆள்காட்டிக் குருவியைப் பாருங்கள். அது மரத்தில் கூடு கட்டாது. திறந்த தரையில் சிறு பள்ளம் பறித்து முட்டையிடும். அதன் முட்டை மண் நிறத்தில் கருந்திட்டுகளோடு இருக்கும். ஓரடி தள்ளி நின்றாலும் கல் எது, முட்டை எது என்று தெரியாது. ஆனால் கிளி, ஆந்தை, மரங்கொத்தி, மீன்கொத்தி ஆகியவை பொந்துக்குள் முட்டையிடுகின்றன. அங்கே ஒளிய வேண்டிய தேவை இல்லை. அவற்றின் முட்டைகள் வெள்ளை. இருட்டில் தாயின் கண்ணுக்குப் புலப்பட அந்த வெண்மை உதவும் என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

வட அட்லாண்டிக் கடலோரப் பாறைகளில் கில்லமாட் என்ற பறவை கூடே இல்லாமல், ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்து முட்டையிடுகிறது. ஒரு பறவைக்கு ஒரே முட்டை. ஒன்றின் முட்டையில் உள்ள நிறமும் கோலமும் மற்றொன்றில் இருக்காது. அந்த அடையாளத்தைக் கொண்டே தன் முட்டையை அது கண்டுகொள்கிறது. சுப்ஹானல்லாஹ்!

நிறம் மட்டுமல்ல, ஓட்டின் அமைப்பும் அப்படித்தான். ஒரு கோழி முட்டையின் ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உள்ளன. உள்ளே வளரும் குஞ்சுக்குக் காற்று போவதும், ஈரம் ஓரளவு வெளியேறுவதும் அவற்றின் வழியாகத்தான். குளத்து நீரில் மிதக்கும் ஈரக் கூட்டில் முட்டையிடும் முக்குளிப்பானுக்கோ, துளைகள் நீரால் அடைபடாதபடி ஓட்டின் மேல் சுண்ணாம்பு போன்ற ஒரு பூச்சு இருக்கிறது. குஞ்சு தன் எலும்புக்கு வேண்டிய கால்சியத்தையும் அந்த ஓட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதனால் பொரிக்கும் நேரத்தில் ஓடு உட்புறம் மெலிந்து, உடைக்க எளிதாகிறது.

ஓடு தேவைக்கு மேல் தடித்தால் குஞ்சு வெளியே வர முடியாது. மெலிந்தால் தாயின் எடையைத் தாங்காது. எல்லாப் பொருளையும் ஓர் அளவின்படியே படைத்ததாக அல்லாஹ் கூறுகிறானே (54:49), அந்த அளவு இதுதான்.

அளவு கெட்டபோது

சகோதரர்களே! அந்த அளவில் மனிதன் கை வைத்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிடிடி என்ற பூச்சிமருந்து வயல்களில் பெருமளவு தெளிக்கப்பட்டது. பூச்சியையும் தானியத்தையும் சிறு பறவை தின்றது. சிறு பறவையைப் பெரிக்ரின் வல்லூறு தின்றது. நஞ்சு படிப்படியாக அதன் உடலில் சேர்ந்தது. அந்த நஞ்சு, ஓட்டுக்குக் கால்சியம் போய்ச் சேர்வதைக் கெடுத்தது. அடைகாக்க அமர்ந்த தாயின் எடையிலேயே முட்டைகள் நொறுங்கின.

பிரிட்டனில் டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர், சேகரிப்புகளில் இருந்த பழைய முட்டைகளையும் புதியவற்றையும் ஒப்பிட்டு, ஓடு மெலிந்திருப்பதை 1967இல் உலகுக்கு எடுத்துச் சொன்னார். 1972இல் அமெரிக்கா அந்த மருந்தைப் பயிர்களுக்குத் தெளிக்கத் தடை விதித்தது. வல்லூறுகள் மெல்ல மெல்லப் பெருகின. 1999இல் அங்கே அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலிலிருந்து பெரிக்ரின் நீக்கப்பட்டது. அளவைக் கெடுத்ததும் மனிதன். கையை எடுத்ததும் அது சீரானது.

முறையிட்ட பறவை

ஒரு பயணத்தில் ஒருவர் ஒரு சிறு பறவையின் முட்டைகளை எடுத்துவிட்டார். அப்பறவை வந்து நபி (ஸல்) அவர்களின் தலைக்கு மேல் சிறகடித்தது. அதன் முட்டைகளை எடுத்து அதை வேதனைப்படுத்தியது யார் என்று நபியவர்கள் விசாரித்தார்கள். எடுத்தவர் ஒப்புக்கொண்டார். அந்தப் பறவையின் மீது இரக்கம் காட்டி, முட்டைகளைத் திரும்ப வைக்கும்படி உத்தரவிட்டார்கள். இமாம் புகாரியின் அல்அதபுல் முஃப்ரத் நூலில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

அந்தப் பறவைக்கு முறையிட ஓர் இடம் இருந்தது. கூட்டை யாரும் தொடாமலேயே முட்டை நொறுங்கிப் போன பறவை யாரிடம் போய் முறையிடும்? அல்லாஹ்விடம்தான். மறுமையில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

எனவே அன்பர்களே! பிள்ளைகளுக்குக் கூட்டைத் தூரத்திலிருந்து காட்டுங்கள். முட்டையில் கை வைக்க விடாதீர்கள். விவசாயம் செய்யும் சகோதரர்கள் தேவையில்லாமல் மருந்து அடிக்காதீர்கள். சொன்ன அளவுக்கு மேல் கலக்காதீர்கள். தெளிப்பானைக் குளத்தில் கழுவாதீர்கள். மரத்தை வெட்டுமுன், புதரை எரிக்குமுன், உள்ளே கூடு இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இந்தப் பூமி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

அவனது படைப்பைப் பார்த்து அவனை அஞ்சும் அறிவுடையோராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்குவானாக! அவன் வைத்த அளவைப் பேணி நடக்கும் தவ்ஃபீக்கைத் தருவானாக! ஆமீன்.