டிஸ்க்கில் தமிழ் எழுத்து: வினைல் ஸ்டென்சில் தயாரிப்பது எப்படி?

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த அக்கா மகன் ஒரு பிளாஸ்டிக் வட்டை நீட்டி, "மாமா, இதில் தமிழில் 'மின்னல்' என்று எழுதித் தாங்க" என்றான். அது டிஸ்க் கோல்ப் ஆடும் வட்டு. பந்துக்குப் பதில் வட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் கூடை. மற்றபடி கோல்ப் கணக்குதான். இருந்தது ஒரே வட்டு. சாயம் ஏறினால் அழிக்க முடியாது. அவன் கிளம்ப நான்கே நாள்.

இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளைத் திறந்தேன். வட்டம் வரையும் டூலை எடுத்து, கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி இழுத்து, அகலம், உயரம் இரண்டையும் 210 மி.மீ. என்று கொடுத்தேன். வட்டின் அளவு அது. உள்ளே 'மின்னல்' என்று யூனிகோடில் டைப் செய்தேன்.

இங்கேதான் கவனம் தேவை. இந்த பைலை அப்படியே கடைக்குக் கொண்டு போனால், அங்குள்ள கம்ப்யூட்டரில் அந்த பாண்ட் இல்லாவிட்டால் எழுத்து வேறு வடிவில் தெரியலாம். எனவே எழுத்தைத் தேர்வு செய்து, பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் க்ளிக் செய்யுங்கள். இப்போது அது எழுத்தல்ல, வெறும் கோடுகள். எந்தக் கம்ப்யூட்டரிலும் மாறாது.

அடுத்து வியூ மெனுவில் டிஸ்ப்ளே மோட், அவுட்லைன். சில பாண்ட்களில் 'மி'யின் கொக்கி 'ம'வோடு சேரும் இடத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். கட்டிங் பிளாட்டருக்குக் கண் கிடையாது. கோடு தெரிந்த இடமெல்லாம் வெட்டும். அன்குரூப் செய்து, எழுத்துகளை மட்டும் தேர்ந்தெடுத்து, பாத் மெனுவில் யூனியன் கொடுத்தால் சரியாகிவிடும்.

வெட்டும் முன் ஏ4 தாளில் ஒரு பிரிண்ட் எடுத்து வட்டின் மேல் வைத்துப் பாருங்கள். பிரிண்ட் டயலாக் பாக்ஸில் 'பிட் டு பேஜ்' இருந்தால் எடுத்துவிடுங்கள்; இல்லையேல் அளவு மாறும். பிறகு வழிகாட்டி வட்டத்தை டெலிட் செய்து, பைலை பிடிஎஃப் ஆகவும் சேமியுங்கள்.

திருநின்றவூரில் பைக் ஸ்டிக்கர் வெட்டும் கடைக்குப் பென் டிரைவோடு போனேன். கடைக்காரர் பழக்க தோஷத்தில் சுற்றியுள்ள வினைலை உரித்து, எழுத்தை மட்டும் விட்டுவிட்டார். ஸ்டிக்கருக்கு அது சரி. ஸ்டென்சிலுக்குத் தலைகீழ்: எழுத்து போக வேண்டும், சுற்றுப்புறம் இருக்க வேண்டும். 'ன', 'ல' சுழிகளுக்குள் இருக்கும் குட்டித் துண்டுகளும் இருக்க வேண்டும். முதலிலேயே சொல்லாதது என் தப்பு. இரண்டாவது ஷீட்டுக்கும் பணம் கொடுத்தேன். டிரான்ஸ்பர் டேப் ஒட்டியே வாங்குங்கள், அப்போதுதான் சுழித் துண்டுகள் இடம் மாறாது.

வட்டைப் பாத்திர சோப்பால் கழுவிக் காயவைத்து, வினைலை ஒட்டி, சுற்றிலும் 3 செ.மீ. கூடுதலாக விட்டு விளிம்பில் மடித்தேன். ஓரங்களை நகத்தால் அழுத்தி, ஹேர் டிரையர் காட்டினேன். பருத்திச் சாயம் பிளாஸ்டிக்கில் ஏறாது. பாலியஸ்டருக்கான டிஸ்பர்ஸ் டை வேண்டும். அதுவும் பாலியூரிதேன் வகை வட்டுகளில்தான் நன்றாகப் பிடிக்கும். மலிவான பாலிஎத்திலீன் வட்டில் நிற்காது. சுமார் 60 டிகிரி சூட்டில், பழைய தட்டில், முகம் கீழாக 8 நிமிடம் வைத்தேன். அதிகம் சூடானால் வட்டு வளைந்துவிடும். கையுறை அவசியம், அந்தத் தட்டு இனி சமையலுக்கு ஆகாது.

உரித்துப் பார்த்தபோது 'ன்' புள்ளியருகே மட்டும் லேசான கசிவு. அந்த இடத்தில் நகம் வைத்து அழுத்த மறந்திருந்தேன்.